திரும்பிய முப்பத்தொரு முட்டைகள்

சென்ற வாரம் உங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் ஒன்பது பேர் சேர்ந்து என்னிடம் பதினான்கு கேள்விகள் கேட்டீர்கள். பதின்மூன்றுக்குப் பதில் சொன்னேன். "உங்க வாழ்க்கையில பெரிய கண்டுபிடிப்பு எது சார்?" என்ற ஒன்றுக்கு மட்டும், தேநீர் ஆறிப்போகிறது என்று சொல்லி மழுப்பிவிட்டேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அது உறுத்தியது. வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. ஆகவே எழுதுகிறேன். என்னுடைய பெரிய கண்டுபிடிப்பு நாலு மாதம் உயிரோடு இருந்தது. அது பிறந்த விதத்தைவிடச் செத்த விதம்தான் உங்களுக்கு உபயோகப்படும்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பேருந்தில் போய் வருவேன். இன்று உங்கள் மேசைகளில் இருக்கும் கருவிகளில் ஒன்றுகூட அன்று எங்களிடம் இல்லை. இருந்தவற்றை எண்ணிவிடலாம், எண்ணியும் வைத்திருந்தேன். நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று, அதற்கான விளக்கு ஒன்று, மாற்று பல்பு இரண்டு, மின்விசிறி ஒன்று. எங்கள் உதவியாளர் குருசாமி அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர், மில்லில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். "இந்த காலேஜ்ல சார் எண்ணாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, காத்து. அதுவும் கண்ணுக்குத் தெரியாததால தப்பிச்சிருச்சு" என்று என் காதில் விழும்படியே சொல்வார்.

ஆய்வு மாணவி ஒருவர். பெயர் செல்வராணி. வன்னியம்பட்டிக்காரர். பள்ளி ஆசிரியை, எம்.ஃபில். படிப்பதற்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வந்திருந்தார். எங்கள் புழுவைக் கொண்டுவந்தவரும் அவர்தான், தன் வீட்டு எருக்குழி மண்ணிலிருந்து. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராத நூல்புழு. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கும் முட்டைகளை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

எங்கள் கேள்வி எளிமையானது. முட்டை ஒரே ஒரு செல். நீள்வட்டமானது. இரு முனைகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் முதல் தடவை பிளக்கும்போதே ஒரு செல் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஆகிவிடுகிறது. பெரியது இருக்கும் பக்கம் புழுவின் தலை, சிறியது இருக்கும் பக்கம் வால். செல்லின் துருவத்தன்மை என்று நாம் சொல்வது இதைத்தான். எந்த முனை எதுவாக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? விந்தணு நுழைந்த முனை வாலாகிறது என்பது எங்கள் ஊகம். விந்தணுவின் உட்கரு எந்த முனையில் தெரிகிறது என்று ஒரு படம் வரைவோம். சுமார் நாற்பது நிமிடத்தில் முட்டை பிளந்ததும் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் பதில் கிடைத்துவிடும். படம் வரைவது செல்வராணி. அவரைப் போல வரைந்தவரை நான் பிறகு பார்த்ததில்லை. கண்ணில் பட்ட தூசியைக்கூட விடமாட்டார்.

ஆனால் நாங்கள் இருந்தது மில் ஊர். கோடையில் மின்சாரம் சொல்லிக்கொண்டும் போகும், சொல்லாமலும் போகும். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் விளக்கு அணைந்தால் மைக்ராஸ்கோப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோய், அடியில் இருக்கும் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்ப்போம். மைக்ராஸ்கோப்பை என்னைத் தவிர யாரும் தூக்கக்கூடாது. தூக்கும்போது அதன் மேல் ஸ்லைடு இருக்கக்கூடாது. இவை என் சட்டங்கள். எனவே செல்வராணி ஸ்லைடை எடுத்துக்கொள்வார், குருசாமி அண்ணன் ஜன்னலைத் திறப்பார், நான் தூக்கிப் போவேன். பிறகு செல்வராணி எண்ணைச் சொல்லி ஸ்லைடை நீட்டுவார், நான் வாங்கி வைப்பேன்.

எட்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முட்டைகள். அவற்றில் நூற்று எண்பத்தொன்றில் விந்தணு நுழைந்த முனையே வால். முப்பத்தொன்றில் நேர்மாறாக, எதிர்முனை வாலாகியிருந்தது.

வேறு யாராவது இருந்திருந்தால் அந்த முப்பத்தொன்றைப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மின்சாரம் போன நேரம், வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டின் ஓரத்தில் குறித்துவைப்பேன். மின்வாரியத்துக்கு ஒரு நாள் புகார் எழுத வேண்டும் என்று எண்ணம். அந்த ஓரத்தையும் முட்டைகளின் எண்களையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரும்பிய முப்பத்தொன்றும் விளக்கு அணைந்த முட்டைகள். விளக்கு அணையாத நூற்று எழுபத்தெட்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

விளக்கின் சூடு சட்டென்று நின்றால் செல்லுக்குள் தலையும் வாலும் இடம் மாறுகின்றன! இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எங்கள் வட்டாரத்தில் நடந்திருக்க முடியாது. மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கில் போய்ச் சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர் பின்வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் வடையைப் பிய்த்துக்கொண்டே அருகில் வந்தார்.

"விளக்கு அணைஞ்சது மொத்தம் எத்தனை?"

"முப்பத்துநாலு சார்."

"அதுல முப்பத்தொண்ணு திரும்பிருச்சு. சரி. மூணு ஏன்யா திரும்பல?"

"அது விதிவிலக்கு சார்."

"விதி என்னன்னே இன்னும் தெரியல. அதுக்குள்ள விதிவிலக்கு எங்கருந்துய்யா வந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயதாகிவிட்டது, பொறாமை என்றெல்லாம் நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மூன்று மாதம் அவருக்குக் கடிதம்கூடப் போடவில்லை.

செல்வராணியின் ஆய்வேடு தயாராயிற்று. தலைப்பே அந்த முப்பத்தொன்றைப் பற்றியதுதான். தட்டச்சுக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கப் பதினொரு நாள் இருந்தது. அந்தத் தேதி போனால் அவருடைய பதிவே காலாவதியாகிவிடும். விடுப்பும் அந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு முறை விடுப்பு கிடையாது என்று பள்ளியில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தவர். இந்தத் தேதியில் இல்லையென்றால் எப்போதுமே இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வாரம் ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு அழகான படங்களாக நான்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தேழாம் எண் முட்டை. இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையின் ஒரு முனையில், ஓட்டுக்கு உட்புறம், பென்சில் நுனியால் தொட்டது போல ஒரு புள்ளி. செல்வராணி வரைந்த தூசி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தூசி அல்ல. முட்டை முதிரும்போது வேண்டாத உட்கருப் பகுதியை ஒரு சிறு துணுக்காகக் கழித்துவிடுகிறது. துருவ உடலம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கள் மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. வரைந்தும் வைத்திருக்கிறார்.

முதல் படத்தில் புள்ளி வலது முனையில் இருந்தது. இரண்டாவது படத்தில் இடது முனையில்.

அந்தத் துணுக்கு கழிந்த இடத்திலேயே கிடக்கும். முட்டையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போகாது. திரும்பிய மற்ற முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புள்ளி தெரிந்த எல்லாவற்றிலும் அது இடம் மாறியிருந்தது. திரும்பாதவற்றில் மாறவில்லை. அப்படியானால் செல்லுக்குள் எதுவும் திரும்பவில்லை. மொத்த முட்டையும் திரும்பியிருக்கிறது. முட்டை அசையாமல் இருக்க ஸ்லைடின் மேல் அகர் என்னும் கூழ் மெத்தையில் அல்லவா பதித்திருக்கிறோம்? எனவே திரும்பியது ஸ்லைடு.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் செல்வராணி முகப்புப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் ஐந்து. அவருடைய பட்டம் போய்விடும். மாமியார் முன்னால் தலைகுனிவார். புள்ளி தூசியாகவும் இருக்கலாம். எம்.ஃபில். ஆய்வேட்டை யார் படிக்கப் போகிறார்கள்? ஐந்தாவது காரணம்தான் உண்மையானது: மதுரையில் கை தட்டியவர்கள். ஒரு செல் தன் தலை எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை இருவரையும் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். செல்வராணி படங்களைப் பார்த்தார். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஸ்லைடு எப்படி சார் திரும்பும்? நான் எடுத்து அப்படியே தானே குடுக்கேன்?"

"அதைத்தான் பார்க்கணும். குருசாமி அண்ணே, ஜன்னலைத் திறங்க. மின்சாரம் போயிருச்சுன்னு வச்சுக்குவோம்."

"ஃபேன் ஓடிக்கிட்டிருக்கே சார்."

"போயிருச்சுன்னு வச்சுக்கங்க அண்ணே!"

"சரி சரி, போயிருச்சு. அணைச்சுப்புடுதேன், கோவப்படாதீக."

வெறும் ஸ்லைடு ஒன்றில் இடது முனையில் மையால் பொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பின் மேடையில் வைத்தேன். செல்வராணி எடுத்தார். நான் மைக்ராஸ்கோப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். "எண் ஒன்று சார்" என்று நீட்டினார். வாங்கி வைத்தேன். பொட்டு வலது பக்கம் இருந்தது.

மறுபடி செய்தோம். மறுபடி வலது பக்கம். குருசாமி அண்ணனை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். பொட்டு இடது பக்கமே இருந்தது. நோட்டைப் புரட்டினேன். திரும்பாத அந்த மூன்று முட்டைகளும் செல்வராணி தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்த நாட்களின் முட்டைகள். அந்த நாட்களில் படம் வரைந்தது நான், ஸ்லைடை எடுத்துக் கொடுத்தவர் குருசாமி அண்ணன்.

"ஏம்மா, மெதுவா இன்னொரு தடவை செய்யுங்க."

செய்தார். இம்முறை கையைப் பார்த்தேன். பொட்டு வைத்த முனையை இடது கையால் பிடித்து எடுத்தார். என் பக்கம் வந்ததும், ஒரு நொடிதான், அதே முனையை வலது கைக்கு மாற்றிப் பிடித்து நீட்டினார். அந்த ஒரு நொடியில் ஸ்லைடு அரைவட்டம் சுற்றிவிட்டது.

"நீங்க இடது கைப் பழக்கமா?"

"ஆமா சார்." குற்றம் செய்தவர் போலக் குரல் இறங்கியது. "எழுதுறது மட்டும் வலது கை. அப்பா அடிச்சே மாத்திட்டாரு. மத்ததெல்லாம் இடது கைதான் வருது."

"பொறவு ஏன் கை மாத்துனீங்க?"

என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படி சார் இடது கையில குடுப்பேன்?"

குருசாமி அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்ப புழு ஒண்ணும் திரும்பல. மரியாதைதான் திரும்பியிருக்கு" என்றார்.

இதில் அவர் தவறு எவ்வளவு, என் தவறு எவ்வளவு என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஸ்லைடின் முனையில் எண் எழுதியிருக்கும். அவர் எண்ணைச் சொல்வார், நான் காதால் கேட்பேன். கண்ணால் படித்திருந்தால் எண் தலைகீழாக இருப்பது தெரிந்திருக்கும். முப்பத்தொரு தடவை படிக்கவில்லை. படிக்கட்டுகளை எல்லாம் எண்ணுகிற மனிதன், கையில் வாங்கிய எண்ணைப் படிக்கவில்லை.

அதன் பிறகு நான் இன்னொரு தவறும் செய்தேன். "ஒண்ணும் கெட்டுப்போகல. படத்தைத் திருப்பி வரைஞ்சிடுங்க. இருநூத்திப் பன்னிரண்டும் ஒரே மாதிரி வந்துடும். ஏழு பக்கம் மட்டும் திரும்ப டைப் பண்ணாப் போதும்" என்றேன்.

"திருப்பி வரைஞ்சோம்னு எழுதலாமா சார்?"

"எதுக்கு? கேட்கிறவங்க சிரிக்கவா?"

"முப்பத்தொண்ணுல எல்லாத்துலயுமா புள்ளி தெரியுது சார்? அஞ்சாறு படத்துல இல்ல. அதையும் எதை வச்சுத் திருப்புறது?"

"அதுவும் அப்படித்தானே இருக்கும்!"

"இருக்கும்தான். பாக்கலயே சார்."

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒன்பது நாள்தான் இருக்கிறது, இப்படியெல்லாம் எழுதினால் தோற்கடித்துவிடுவார்கள், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது என்று சத்தம் போட்டேன். அவர் அழவில்லை.

"போனா போகட்டும் சார். ஆனா இது என் கையில நடந்தது. நான் எழுதாம வேற யாரு எழுதுவா?"

பிறகு அவரே திட்டம் போட்டார். விளக்கை நாங்களாகவே அணைத்து, ஸ்லைடில் மையால் முனையைக் குறித்து, வாங்கும்போது நான் எண்ணை வாய்விட்டுப் படித்து, புதிதாக முட்டைகளைப் பார்ப்பது. வன்னியம்பட்டியிலிருந்து இரண்டு தடவை மண் வந்தது. ஆறு நாளில் பதினெட்டு முட்டைகள் பார்த்தோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. சிக்கலுக்குள்ளான முப்பத்தொன்றையும் அவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். தலைப்பு மாறியது. ஸ்லைடு கைமாறியபோது நேர்ந்தது என்ன என்பதற்கு ஒரு தனிப் பக்கம். அதில் இடது கை, வலது கை எல்லாம் இருந்தது. கடைசி நாள் மாலை நாலரைக்கு மதுரையில் கொடுத்துவிட்டு வந்தார்.

வாய்மொழித் தேர்வு இரண்டு மாதம் கழித்து நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். அந்தத் தனிப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் செருகியிருந்தார்.

"எல்லா முட்டையும் எதிர்பார்த்த மாதிரியே பிளந்திருக்கு" என்றார். "இதுல புதுசு என்ன இருக்கு? இருந்த ஒரே புதுசையும் நீங்களே இந்தப் பக்கத்தில் கெடுத்து வச்சிருக்கீங்க. இது யாரோட கவனக்குறைவு?"

செல்வராணி வாய் திறப்பதற்குள் நான் எழுந்தேன். "என்னோடது சார். வாங்கி வச்சது நான். எண்ணைப் படிக்காம வச்சேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் அவங்களைக் கேட்டேன். இதுக்கு ஏன் பட்டம் கொடுக்கணும்னு அவங்க சொல்லட்டும்."

அறையில் ஏழு பேர் இருந்தோம். செல்வராணி எழுந்து நின்றார். ஆய்வகத்தில் இருந்த குரல் இல்லை அது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"சார், முப்பத்தொண்ணும் திரும்பிருச்சுன்னு முதல்ல எழுதுன ஆய்வேட்டையே இன்னைக்குக் கொண்டுவந்திருந்தோம்னா, அது தப்புன்னு நீங்க கண்டுபிடிச்சிருப்பீகளா?"

தேர்வாளரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. அவர் ஆய்வேட்டைத் திறந்தார். படங்கள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"மாட்டேன்" என்றார். "கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

பேனாவின் மூடியைக் கழற்றி, பட்டத்துக்குப் பரிந்துரைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளினார். அதில் 'வழிகாட்டி' என்று அச்சடித்து அடியில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.